மருந்து இருந்தது... பஸ் இல்லை!

இ-பாஸ் விண்ணப்பத்தில் 'பயணத்தின் காரணம்' என்று ஒரு கட்டம் இருந்ததே, நினைவிருக்கிறதா? திருமணம், இறப்பு, மருத்துவச் சிகிச்சை என்று விரல்விட்டு எண்ணக்கூடிய காரணங்கள்தான் அதில் செல்லுபடியாகும். 2020 கொரோனா ஊரடங்கில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக வேண்டியிருந்த பெரும்பாலோர் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போனார்கள். மருத்துவம் என்று குறித்தால் அதற்கான ஆவணத்தையும் இணைக்க வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் மருத்துவமனைச் சீட்டை இணைத்தார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் டாக்டர் கடிதத்தை இணைத்தார். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் எதை இணைப்பார்?

அவர் கையில் இருப்பது, எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் கொடுத்த சிகிச்சைப் புத்தகம் மட்டும்தான். ஸ்மார்ட்போன் இல்லாதவர் அதைத் தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு எடுத்துப்போய் ஸ்கேன் செய்ய வேண்டும். பாஸ் கிடைத்தாலும் வழிநெடுக செக்போஸ்ட். 'எங்கே போறீங்க, என்ன வியாதி?' என்று கேட்கும் காவலரிடம் அதே புத்தகத்தை நீட்ட வேண்டும். பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லாமல் பத்து, பதினைந்து வருடம் காத்த ரகசியம், ஒரே பகலில் முன்பின் தெரியாத நான்கு பேர் கைக்குப் போய்விடும். காட்ட மறுத்தால் அந்த மாதத்துக்கு மாத்திரை கிடையாது.

கொரோனா காலத்தில் எச்.ஐ.வி. உள்ளோர் பட்ட பாட்டைப் பற்றிப் பேசும்போது 'மருந்துத் தட்டுப்பாடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அன்றைய பிரதான சிக்கல் அதுவல்ல. பெரும்பாலும் மருந்து இருந்தது. மருந்துக்கும் மனிதருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த பஸ்தான் நின்றுபோனது. அது நின்றபோதுதான், இத்தனை வருடமாக நாம் கட்டி எழுப்பிய சிகிச்சை முறை எவ்வளவு பயணத்தையும் எவ்வளவு ரகசியத்தையும் நம்பி நின்றது என்பது தெரிந்தது.

பக்கத்தில் மையம் இருந்தும்...

எச்.ஐ.வி. விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. இந்தியாவில் இந்த வைரஸ் முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து ஆராய்ந்து அதை உறுதிப்படுத்தினார்கள். 2004 ஏப்ரல் 1-ம் தேதி மத்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, நாட்டின் முதல் எட்டு மையங்களில் ஒன்றாக இருந்தது தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. எச்.ஐ.வி. உள்ளவர்களே சேர்ந்து உருவாக்கிய அமைப்புகளும் இங்கே வேர்விட்டன. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த பி.கௌசல்யா, தன் நிலையை வெளிப்படையாகச் சொல்லி, 1998-ல் சென்னையில் பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார்.

2019-ம் ஆண்டின் மதிப்பீட்டின்படி நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்தவர்கள் சுமார் 23.5 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 1.55 லட்சம் பேர். மாவட்டம்தோறும் இலவச மாத்திரை கிடைக்கிறது. மையங்கள் வீட்டிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை. ஆனாலும் பக்கத்து மையத்தை விட்டுவிட்டு, இரண்டு மாவட்டம் தாண்டிப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் இங்கே கணிசமாக இருக்கிறார்கள்.

உள்ளூர் அரசு மருத்துவமனை என்றால் யாராவது ஒருவர் தெரிந்தவராக இருப்பார். மருந்து கொடுப்பவர் மனைவியின் பள்ளித் தோழியாக இருக்கலாம். வார்டில் பெருக்குகிறவர் அதே தெருக்காரராக இருக்கலாம். அந்த ஒரு கட்டடத்தின் வாசலில் நிற்பதைப் பார்த்தாலே போதும், மகளுக்கு வரன் அமையாது, வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அதனால் விடிகாலை பஸ் ஏறி, யாரும் அறியாத ஊரில் இறங்கி, மாத்திரையைத் துணிப்பைக்குள் வைத்து, இருட்டுவதற்குள் வீடு திரும்புவது ஒரு வாழ்க்கை முறையாகவே ஆகிவிட்டது. வீட்டில் சொல்வது 'கோயிலுக்குப் போனேன்', 'கடைக்குச் சரக்கு எடுக்கப் போனேன்'. அவர்களைக் காப்பாற்றிய அந்தத் தூரமே, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்று அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

ஊரடங்கில் நின்ற பஸ், ஜூன் முதல் தேதி சில மண்டலங்களுக்குள் மட்டும் குறைந்த இருக்கைகளோடு ஓடியது. ஜூலையில் மறுபடி நின்றது. மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் பஸ் செப்டம்பர் 7-ம் தேதிதான் முழுமையாகத் தொடங்கியது. ஐந்தரை மாதம்! ஒரு மாத மாத்திரையோடு வாழ்கிறவருக்கு அது எத்தனை டப்பா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மையத்தில் என்ன நடக்கும்?

மாதாந்தர வருகை என்பது மாத்திரை வாங்குவது மட்டும் இல்லை. எடை பார்ப்பார்கள். இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, இரவில் வியர்க்கிறதா என்று நான்கு கேள்வி கேட்பார்கள். நான்கும் காசநோயைத் தேடும் கேள்விகள், ஏனென்றால் எச்.ஐ.வி. உள்ளோரின் உயிரை அதிகம் பறிப்பது காசநோய். அதன்பின் ஆலோசகர் முன்னால் உட்கார வேண்டும். போன மாத டப்பாவில் மிச்சம் இருக்கும் மாத்திரைகளை அவர் எண்ணுவார். இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தால், அதட்ட மாட்டார். என்ன ஆச்சு என்று கேட்பார். வேலை போனது, கணவர் குடிக்கிறார், மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று எல்லாம் அங்கேதான் வெளியே வரும். பலருக்கு மாதத்தில் ஒருமுறை வாய்விட்டுப் பேசக் கிடைக்கும் ஒரே நாற்காலி அது. ஊரடங்கில் பறிபோனவற்றில் எந்தக் கணக்கிலும் வராதது அந்த நாற்காலிதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிடி4 அணுக்களின் எண்ணிக்கை, வருடம் ஒருமுறை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற சோதனை. இத்தனையும் சேர்ந்ததுதான் வழக்கமான சிகிச்சை. 2020 மார்ச் மாதக் கடைசியில் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகக் கொரோனா மருத்துவமனைகளாக மாறின. ஏ.ஆர்.டி. மையம் மூடப்படவில்லை என்றாலும் அதற்குப் போகும் வழி கொரோனா வார்டைக் கடந்து போனது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையங்களின் லேப் டெக்னீஷியன்களும் ஆலோசகர்களும் பல இடங்களில் சளி மாதிரி எடுக்கவும், தொற்றாளர்களின் தொடர்புகளைத் தேடவும் அனுப்பப்பட்டார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வெளியே வரவே கூடாது என்று தொலைக்காட்சியில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்ட எச்.ஐ.வி. உள்ளவர் பஸ்ஸே ஓடினாலும் எப்படிக் கிளம்புவார்?

வீட்டுக்குள்ளும் நிம்மதி இல்லை. முப்பது மாத்திரை கொண்ட அந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, குலுங்கும் சத்தம் கேட்காமலிருக்க உள்ளே பஞ்சு அடைத்து, அரிசி டின்னுக்குப் பின்னால் வைப்பவர்கள் உண்டு. கணவரும் பிள்ளைகளும் மாமியாரும் நாள் முழுக்க ஒரே அறையில் இருந்த மாதங்கள் அவை. இரவு ஒன்பது மணிக்கு யார் கண்ணிலும் படாமல் ஒரு மாத்திரையை விழுங்குவதே பெரும்பாடு. திருப்பூரிலிருந்தும் மும்பையிலிருந்தும் அவசர அவசரமாக ஊர் திரும்பிய தொழிலாளர்களுக்கோ மாத்திரை ஓர் ஊரில், மனிதர் வேறோர் ஊரில்.

நான்கு நாள் விட்டால் என்ன?

சர்க்கரை மாத்திரையைச் சில நாள் விட்டவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள். எச்.ஐ.வி. மாத்திரையை ஏன் அப்படி விட முடியாது? இதை விளக்கமாகச் சொல்லியாக வேண்டும்.

அன்று பெரும்பாலானோர் இரவில் விழுங்கிக்கொண்டிருந்தது டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் என்ற மூன்று மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை. மூன்று எதற்கு? இந்த வைரஸ் நகலெடுக்கும்போது நிறையப் பிழை செய்யும். அந்தப் பிழைகளில் ஏதோ ஒன்று ஒரு மருந்துக்கு மசியாத வைரஸை உருவாக்கிவிடும். மூன்று மருந்துக்கும் ஒரே நேரத்தில் மசியாத வைரஸ் உருவாவது மிக அரிது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் மூன்றும் ஒரே வேகத்தில் உடலை விட்டுப் போவதில்லை. டெனோஃபோவிரும் லாமிவுடினும் சில நாள்களில் குறைந்துவிடும். எஃபாவிரென்ஸ் மட்டும் ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் ரத்தத்தில் தங்கும். மூன்று பேர் காத்த வாசலில் ஒரே ஒரு காவலாளி தனியாக நிற்பது போன்ற நிலைமை அது. எஃபாவிரென்ஸை வெல்ல வைரஸுக்கு ஒரே ஒரு மரபணு மாற்றம் போதும். அது ஒருமுறை நடந்துவிட்டால், பஸ் ஓடத் தொடங்கிப் பழைய மாத்திரையே மறுபடி கையில் கிடைத்தாலும் அது முன்போல வேலை செய்யாது.

இடைவெளி விட்டு மாத்திரை எடுக்கலாமா என்பதை உலகம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டது. 33 நாடுகளில் 5,472 பேர் பங்கேற்ற 'ஸ்மார்ட்' ஆய்வில் ஒரு பிரிவினர் சிடி4 எண்ணிக்கையைப் பார்த்து மருந்தை நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். தொடர்ந்து எடுத்தவர்களைவிட அவர்களிடம் நோயும் மரணமும் அதிகமாக இருந்ததால், 2006 ஜனவரியில் அந்த ஆய்வில் ஆள் சேர்ப்பதை நிறுத்தி, எல்லோரையும் தொடர் சிகிச்சைக்கு மாறச் சொன்னார்கள். மருத்துவர்களின் கண்காணிப்பில் நிறுத்தியவர்களுக்கே அந்தக் கதி என்றால், கண்காணிப்பே இல்லாமல் நிறுத்த நேர்ந்தவர்களின் நிலை என்ன?

இன்னொன்றும் உண்டு. ஒழுங்காக மாத்திரை எடுத்து, வைரஸின் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. கணவன், மனைவியில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும் குடும்பங்களில் மாத்திரை இரண்டு பேருக்கும் காவல். அது நின்றால் இரண்டு பேருக்கும் ஆபத்து.

இதற்கிடையே 2020-ன் தொடக்கத்தில் வேறொரு பயம் கிளம்பியது. எச்.ஐ.வி.க்கான லோபினாவிர்-ரிட்டோனாவிர் மருந்து கொரோனாவைக் குணப்படுத்தக்கூடும் என்ற நம்பிக்கையில் பல நாடுகள் அதைக் கையில் எடுத்தன. நம் நாட்டிலும் ஜெய்ப்பூரில் இத்தாலியச் சுற்றுலாப் பயணிகளுக்கு அது கொடுக்கப்பட்டது. முதல் வரிசை மருந்து பலிக்காமல்போன பெரியவர்களும், எச்.ஐ.வி. உள்ள பல குழந்தைகளும் நம்பியிருந்த மருந்து அது. அவர்களுக்கு அது கிடைக்காமல் போய்விடுமோ என்பதுதான் பயம். கடைசியில் ஜூன் மாத இறுதியில் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு, கொரோனாவுக்கு அந்த மருந்தால் பலனில்லை என்று அறிவித்தது.

பைக்கில் வந்த மாத்திரை

அரசு கைகட்டி நிற்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. ஊரடங்கு தொடங்கிய நேரத்திலேயே தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு விதிகளைத் தளர்த்தியது. மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்கலாம். எந்த ஊரில் சிக்கிக்கொண்டாரோ அந்த ஊர் மையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். வர முடியாதவருக்குக் குடும்பத்தாரிடமோ களப்பணியாளரிடமோ கொடுத்தனுப்பலாம். முன்பு இதே மூன்று மாத மாத்திரையைக் கேட்டவர்களுக்கு, உங்களுக்கு அதற்குத் தகுதி வரவில்லை, வைரல் லோடு வரட்டும், ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று பார்க்க வேண்டும் என ஆயிரம் தடை சொல்லப்பட்டது. ஒரு சுற்றறிக்கையில் அந்தத் தடைகள் விலகின.

சுற்றறிக்கையை மாத்திரையாக மாற்றியது எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்புகளின் தொண்டர்களும் களப்பணியாளர்களும்தான். அவர்களில் பலர் தாங்களே அந்த மாத்திரையை விழுங்கி வாழ்பவர்கள். கொரோனா தொற்றினால் யாருக்கு ஆபத்து அதிகம் என்று டி.வி. சொல்லிக்கொண்டிருந்ததோ, அவர்களேதான் பைக்கை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அதிலும் எச்சரிக்கை வேண்டியிருந்தது. முகக்கவசம் போட்ட ஓர் அந்நியர் வீட்டு வாசலில் வந்து நின்றால் தெருவே எட்டிப் பார்க்கும். வீட்டுக்கு வராதீர்கள், பெட்ரோல் பங்கில் நிற்கிறேன், ஏரிக்கரைக்கு வருகிறேன் என்று கேட்டவர்கள் உண்டு. கூரியர் நிறுவனத்தின் எந்த மென்பொருளிலும் இந்த முகவரிகளுக்கு இடமில்லை. ஆளை அறிந்த ஆளால்தான் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.

வூஹானிலும் இதே கதைதான். 2020 ஜனவரி 23 அன்று அந்த நகரம் மூடப்பட்டது. சீனாவில் எச்.ஐ.வி. உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பிப்ரவரியில் ஐ.நா. அமைப்பான யு.என்.எய்ட்ஸ் எடுத்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வரும் நாள்களில் மருந்து தீர்ந்துவிடும் நிலையில் இருந்தார். அங்கேயும் மருந்தைச் சுமந்து வீதியில் இறங்கியது சமூகத் தொண்டர்கள்தான்.

உலக சுகாதார நிறுவனமும் யு.என்.எய்ட்ஸும் 2020 மே மாதம் ஒரு கணிப்பை வெளியிட்டன. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் ஆறு மாதம் சிகிச்சை தடைபட்டால் கூடுதலாக ஐந்து லட்சம் பேர் இறக்கக்கூடும் என்றது அது. அப்படி நடக்கவில்லை. 2020-ல் உலக அளவில் எய்ட்ஸ் தொடர்பான மரணம் சுமார் 6.8 லட்சம், அதற்கு முந்தைய ஆண்டைவிடக் கூடவில்லை. நடக்கவில்லை என்பதால் கணிப்பு பொய் என்று நினைத்துவிடக் கூடாது. சிகிச்சை அந்த அளவுக்குத் தடைபடவில்லை என்பதே அதன் பொருள். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடாலில் 65 மருத்துவ நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள் ஊரடங்கிலும் பெரிய குறைவில்லாமல் மாத்திரை வாங்கியிருந்தார்கள். நிலையான உடல்நலத்தோடு இருப்பவர்கள் கிளினிக்கில் காத்துக்கிடக்காமல், வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலோ சமூகக் கூடத்திலோ இரண்டு, மூன்று மாத மாத்திரை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2014-லேயே அந்த நாடு தொடங்கிவிட்டது. பெருந்தொற்று வந்தபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் அங்கே எழவில்லை.

கண்டுபிடிக்கப்படாதவர்கள்

அதே 65 நிலையங்களின் பதிவில் இன்னொரு எண் இருக்கிறது. 2020 ஏப்ரலில் எச்.ஐ.வி. பரிசோதனை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களின் எண்ணிக்கையும் அதே அளவு சரிந்தது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கான உலக நிதியம் உதவும் நாடுகளை மொத்தமாகப் பார்த்தாலும் 2020-ல் பரிசோதனை 22 சதவிகிதம் குறைந்தது. என் பார்வையில், பெருந்தொற்று எச்.ஐ.வி. சிகிச்சைக்குச் செய்த மிகப் பெரிய கேடு இதுதான்.

மாத்திரை கிடைக்காதவர் போன் செய்வார், கூட்டமைப்பைத் தேடுவார், சண்டை போடுவார். தொற்று இருப்பதே தெரியாதவர் யாரிடம் போய்ச் சண்டை போடுவார்? அவருக்காகப் பேச எவரும் இல்லை. எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை. 2020-ல் கண்டறியப்பட்டிருக்க வேண்டியவர் 2023-லோ 2024-லோ, நாக்கில் பூஞ்சை படர்ந்து, எடை குறைந்து, சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போன நிலையில் வந்து சேர்கிறார். இடைப்பட்ட காலத்தில் அவருடைய துணைக்கும் தொற்று போயிருக்கலாம். உலகில் புதிய தொற்றுகள் 2020-க்கும் 2021-க்கும் இடையில் குறைந்தது வெறும் 3.6 சதவிகிதம்தான், 2016-க்குப் பிறகு அவ்வளவு மெதுவாகக் குறைந்ததே இல்லை.

காசநோயிலும் இதே சரிவு. இந்தியாவில் 2019-ல் 24.04 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-ல் 18.05 லட்சம். ஒரே ஆண்டில் ஆறு லட்சம் பேருக்குக் காசநோய் குணமாகிவிடவில்லை. அவர்கள் இருமிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள். காசநோய்க் கிருமியைக் கண்டறியும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் கொரோனா சோதனைக்கும் பயன்படுத்தப்பட்டன. வைரல் லோடு பார்க்கும் ஆய்வகங்களில் வேலை தெரிந்த ஆட்களும் கொரோனா மாதிரிகள் பக்கம் திருப்பப்பட்டார்கள். இருமினாலே கொரோனா என்று விலகி ஓடிய காலத்தில், எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் இருமலைக் காசநோயாக இருக்குமோ என்று யோசித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

கர்ப்பிணிகள் விஷயத்தில் நாள் கணக்கு இன்னும் கறாரானது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு முதல் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் ஊசியால் குத்தி, சில சொட்டு ரத்தத்தை அட்டையில் உலரவைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பிறகு ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம் எனச் சோதனை தொடரும். இந்தத் தேதிகளில் எதையும் ஊரடங்குக்காகத் தள்ளிவைக்க முடியாது. சிகிச்சை கிடைக்காத எச்.ஐ.வி. குழந்தைகளில் பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை என்பது மருத்துவ உலகம் எப்போதோ அறிந்த உண்மை.

பாலியல் தொழிலாளர்களுக்கும் திருநங்கைகளுக்கும் மாத்திரைக்கு முன்னால் சோறே பிரச்னையாக இருந்தது. வருமானம் ஒரே நாளில் நின்றது. ரேஷன் அட்டை இல்லாதவருக்கு நிவாரணமும் இல்லை. பசித்த வயிற்றோடு வீரியமான மாத்திரையை விழுங்கப் பலரால் முடிவதில்லை. பசியால் மாத்திரையை விட்டவரைப் பதிவேட்டில் 'தொடர்பில் இல்லை' என்று எழுதியிருப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. தன் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு. இரண்டே ஆண்டில் வந்த இ-பாஸ் படிவத்தை வடிவமைத்தவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பது நினைவுக்கு வரவில்லை. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் ஒரு படிவம் எழுதும்போது யாரை மனதில் வைத்து எழுதுகிறோம் என்பதில்தான் ஓர் அரசின் அக்கறை தெரியும்.

அடுத்த ஆண்டும் பாடம் படிக்கவில்லை. 2021 மார்ச் முதல் தேதி, 45 முதல் 59 வயது வரை உள்ள இணைநோயாளிகளுக்குத் தடுப்பூசி தொடங்கியது. இணைநோய்ப் பட்டியலில் எச்.ஐ.வி.யும் இருந்தது; நல்ல முடிவு. ஆனால் மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழில் எந்த நோய் என்று குறிப்பிட்டு, அதைத் தடுப்பூசி மையத்தில் காட்ட வேண்டும். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில், உள்ளூர் ஆட்கள் உட்கார்ந்திருந்த மேஜையில் அந்தத் தாளை எத்தனை பேர் நீட்டியிருப்பார்கள்? ஏப்ரல் முதல் தேதி 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் தடுப்பூசி என்று அறிவித்த பிறகுதான் அந்தத் தொல்லை ஒழிந்தது. எச்.ஐ.வி. உள்ளோருக்குக் கொரோனா வந்தால் நோய் தீவிரமாகவோ மரணமாகவோ முடியும் ஆபத்து 30 சதவிகிதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த ஜூலையில் சொன்னது. தடுப்பூசி மிகவும் தேவைப்பட்டவர்களே வரிசையில் பின்னால் நிற்கும்படி ஆனது.

பெருந்தொற்று ஓய்ந்ததும் மருந்தே தட்டுப்பாடான காலமும் வந்தது. 2022 ஜூலையில் தொடங்கி, டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் எச்.ஐ.வி. உள்ளோர் ஒரு மாதத்துக்கும் மேல் போராட்டம் நடத்தினார்கள். டோலுடெகிராவிர் உள்ளிட்ட மருந்துகள் போதாமல், சில மையங்களில் சில நாள்களுக்கான மாத்திரையை மட்டும் எண்ணிக் கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் புகார். கொரோனாவில் மூன்று மாத டப்பா கொடுத்த அதே அமைப்பு, கொரோனா போனபின் சில நாள் மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் நிலைக்கு வந்தது. கொள்முதலில் ஏற்படும் தாமதத்துக்குப் பெருந்தொற்று தேவையில்லை.

எனவே செய்ய வேண்டியவை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. உடல்நிலை சீராக இருக்கும் எல்லோருக்கும் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாத மாத்திரை கொடுப்பது நெருக்கடிக்காலச் சலுகையாக இல்லாமல் உரிமையாக வேண்டும். அதற்கேற்ப மாநிலக் கிடங்கில் எப்போதும் கையிருப்பு வேண்டும். எந்த மாவட்டத்துக்காரரும் எந்த மையத்திலும் கேள்வி இல்லாமல் மாத்திரை வாங்கும் வசதி நிரந்தரமாக இருக்க வேண்டும். அடுத்த பெருந்தொற்றில் நம்பிக்கை மையத்தின் டெக்னீஷியனை வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது. பயண அனுமதிக்கும் தடுப்பூசிக்கும் நோயின் பெயர் கேட்காத, 'தொடர் சிகிச்சை' என்று மட்டும் சொல்லும் ஓர் அத்தாட்சி போதும். பைக்கில் மாத்திரை சுமந்த களப்பணியாளர்களுக்கு முறையான சம்பளம் கொடுத்து, அவர்களை மருத்துவக் கட்டமைப்பின் பகுதியாக ஏற்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொரோனா வருடங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள நினைத்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருக்கக்கூடும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். முடிவை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டார்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி பேசலாம். இந்த வாரமே செய்துவிடுங்கள்.